பாலைவனத்துல ஊரு வளர்ந்துட்டே போகுது, தண்ணி எங்கேந்து வரும்?

அமெரிக்காவுல அரிசோனா மாநிலத்துல, ஃபீனிக்ஸுக்குப் பக்கத்துல இருக்கற சான்ட்லருக்கு வேலைக்கு வந்து வீடு வாங்க யோசிக்கிற ஒருத்தர் கேட்டிருக்காரு: ஃபீனிக்ஸ், வேகாஸ், டூசான்னு இந்தப் பாலைவன ஊரெல்லாம் இப்படிப் பெருகிட்டே போனா இன்னும் முப்பது நாப்பது வருஷத்துக்கு தண்ணி எங்கேந்து வரும், யாரு எப்படி திட்டம் போடறாங்க, கடல்லேந்து பைப் போட்டுக் கொண்டு வந்துட முடியாதா? நல்ல கேள்வி. நான் இந்தத் தண்ணி பிளானிங் வேலைலதான் இருக்கேன், அதனால கொஞ்சம் நீளமாவே எழுதறேன், பொறுமையா படிங்க.

முதல்ல நேரா பதிலைச் சொல்லிடறேன். பாலைவன ஊருக்கு எதிர்காலத் தண்ணிங்கறது பெரும்பாலும் எங்கேயோ தூரத்துல புதுசா கண்டுபிடிச்சுக் கொண்டு வர்றது இல்ல. ஏற்கனவே ஊருக்குள்ள வந்துட்ட தண்ணில எது மறுபடி கைக்கு வருது, எது ஆவியாகி ஒரேயடியா போயிடுதுன்னு கணக்கு எடுத்து, போயிடறதைக் குறைக்கறதுதான் அது. அந்தக் கணக்கைச் சரியா போட்ட ஊரு தாக்குப்பிடிக்குது. மொத்தமா எவ்வளவு வேணும்னு மட்டும் பார்த்து பைப்புக்குப் பின்னாடி ஓடின ஊரு பல வருஷத்தையும் பணத்தையும் விட்டிருக்கு.

இதுக்கு முன்னாடி இந்த ஊருங்களுக்குத் தண்ணி குடுக்கற கொலராடோ ஆத்தோட நிலைமை தெரியணும். 1922ல ஏழு மாநிலங்கள் கொலராடோ ஆத்தைப் பங்கு போட்டு ஒரு ஒப்பந்தம் பண்ணாங்க, மேல் பகுதிக்கு வருஷம் 75 லட்சம் ஏக்கர் அடி, கீழ் பகுதிக்கு, அதாவது அரிசோனா, கலிஃபோர்னியா, நெவாடாவுக்கு, 75 லட்சம். (ஏக்கர் அடின்னா ஒரு ஏக்கர் நிலத்துல ஒரு அடி உயரத்துக்கு நிக்கற தண்ணி, சுமார் 12.3 லட்சம் லிட்டர்.) 1944ல மெக்ஸிகோவுக்கு இன்னொரு 15 லட்சம். ஆக காகிதத்துல 1.65 கோடி. ஆனா இந்தக் கணக்குக்கு அவங்க எடுத்துக்கிட்ட வருஷங்கள் ரொம்ப நல்ல மழை, நல்ல பனி பெஞ்ச வருஷங்கள். 2000க்கு அப்புறம் ஆத்துல சராசரியா வர்றது சுமார் 1.2 லேந்து 1.25 கோடிக்குள்ளதான். பத்திரத்துல எழுதின பரப்பு நிலத்துல இல்லைன்னு அளந்து பார்க்கறப்ப தெரியுமே, அந்த மாதிரிதான். இது போதாதுன்னு, கீழ் மாநிலங்கள் எடுக்கற கணக்குல ஏரிலயும் ஆத்து வழிலயும் ஆவியாகி வீணாப் போறதை ரொம்ப வருஷம் யாருமே கழிக்கல, அதுவே வருஷத்துக்கு 10 லட்சம் ஏக்கர் அடிக்கு மேல.

இன்னொரு விஷயம், மலைல பனி நல்லா பெஞ்சாலும் அது ஆத்துக்கு வந்து சேரும்னு இப்ப சொல்ல முடியறதில்ல. 2021ல பனி வழக்கத்துல சுமார் 80 சதவீதத்துக்கு மேல இருந்துச்சு, ஆனா அந்த ஆத்துல டேம் கட்டித் தேக்கின பவல் ஏரிக்கு வந்து சேர்ந்தது வழக்கத்துல மூணுல ஒரு பங்கு கூட இல்ல. நிலம் அவ்வளவு காஞ்சு கிடந்ததால உருகின தண்ணிய மண்ணே குடிச்சுடுச்சு, மிச்சத்தை சூடு இழுத்துக்கிச்சு. அதனால "போன நூறு வருஷ சராசரி" வச்சு திட்டம் போடற காலம் முடிஞ்சு போச்சு. மோசமான பத்து வருஷம் தொடர்ந்து வந்தா என்ன ஆகும்னு வச்சுத்தான் போடணும்.

இப்ப நெவாடா மாநிலத்து லாஸ் வேகாஸ். வருஷத்துக்கு சுமார் நாலு இஞ்ச் மழை பெய்யற ஊரு, அது இருக்கற கிளார்க் கவுண்டி மொத்தமா இன்னிக்கு சுமார் 23 லட்சம் பேர். அவங்க தண்ணில சுமார் 90 சதவீதம் கொலராடோ ஆத்தை ஹூவர் டேம் தேக்கி வச்சிருக்கற மீட் ஏரிலேந்து வருது. நெவாடாவோட பங்கு எவ்வளவு தெரியுமா? வெறும் 3 லட்சம் ஏக்கர் அடி. 1928ல மத்திய சட்டம் வந்தப்ப கலிஃபோர்னியாவுக்கு 44 லட்சம், அரிசோனாவுக்கு 28 லட்சம், நெவாடாவுக்கு 3 லட்சம்னு ஒதுக்கினாங்க, அப்ப அந்த ஊரு சின்ன ரயில் ஸ்டேஷன் ஊரு, ஊத்துத் தண்ணியே போதும்னு இருந்தாங்க, அந்த ஊத்துங்க 1962 வாக்குல வத்திப் போச்சு.

இவ்வளவு சின்னப் பங்கை வச்சுக்கிட்டு எப்படி இத்தனை பேர்? இங்கதான் நான் மேல சொன்ன கணக்கு வருது. சட்டப்படி நெவாடாவோட 3 லட்சம்ங்கறது ஏரிலேந்து எடுத்ததுல திருப்பி விட்டதைக் கழிச்சுட்டு வர்ற அளவு. வீட்டுக்குள்ள குளிச்சது, துவைச்சது, ஃபிளஷ் பண்ணது எல்லாம் சாக்கடை வழியா சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போய், அங்கேந்து லாஸ் வேகாஸ் வாஷ்னு ஒரு ஓடை வழியா மறுபடி மீட் ஏரிக்கே போயிடுது. உள்ளே உபயோகிக்கறதுல கிட்டத்தட்ட முழுசும் திரும்பிப் போகுது, திருப்பி விட்ட ஒவ்வொரு ஏக்கர் அடிக்கும் இன்னொரு ஏக்கர் அடி எடுத்துக்கலாம். அதனால ஹோட்டல்ல நீங்க அரை மணி நேரம் ஷவர்ல நின்னாலும் ஊரோட தண்ணிக் கணக்குல பெருசா ஒண்ணும் குறையாது (சூடு பண்ற கரண்ட் செலவு தனி). ஆனா வாசல்ல இருக்கற புல்லுக்கு விட்ட தண்ணி திரும்பவே திரும்பாது, ஆகாசத்துக்குப் போயிடும்.

இதைப் புரிஞ்சுக்கிட்டதாலதான் அந்த ஊரு புல்லைக் குறி வச்சுச்சு. 2002, 2003 சமயத்துல வறட்சி கடுமையா அடிச்சு, நெவாடா தன்னோட பங்கையே தாண்டிடுச்சு. உடனே புது வீடுகள்ல முன்பக்கப் புல்தரை கூடாதுன்னு விதி போட்டாங்க, இருக்கற புல்லை எடுத்துட்டு பாலைவனச் செடி வச்சா சதுர அடிக்கு இவ்வளவுன்னு காசு குடுத்தாங்க. ஒரு சதுர அடி புல் எடுத்தா வருஷத்துக்கு 55 கேலன், அதாவது 200 லிட்டருக்கு மேல மிச்சம். இதுவரைக்கும் 20 கோடி சதுர அடிக்கு மேல எடுத்துட்டாங்க, பெருக்கிப் பாருங்க, வருஷத்துக்கு 33,000 ஏக்கர் அடி தாண்டும். மாநிலப் பங்குல பத்துல ஒண்ணுக்கும் மேல! 2021ல மாநில சட்டமன்றமே ஒரு சட்டம் போட்டுச்சு, ரோடு நடுவுல, ஆபீஸ் வாசல்ல, யாரும் கால் வைக்காத அலங்காரப் புல்லுக்கு 2027லேந்து கொலராடோ தண்ணி கிடையாதுன்னு. வீட்டுத் தோட்டத்துக்கு இல்ல, விளையாட்டு மைதானத்துக்கும் இல்ல, வெறும் பார்வைக்கு இருக்கற புல்லுக்கு மட்டும். அமெரிக்காவுல இந்த மாதிரி நிரந்தரத் தடை அதுதான் முதல்.

பலன் என்னன்னா, 2002லேந்து ஏழரை லட்சம் பேருக்கு மேல ஊருக்குள்ள வந்திருக்காங்க, ஆனா ஆத்துலேந்து நிகரமா எடுக்கறது குறைஞ்சிருக்கு. 2023ல நெவாடா மொத்தமா உபயோகிச்சது சுமார் 1.9 லட்சம் ஏக்கர் அடிதான். அதுக்கு முன்னாடி 2021 ஆகஸ்ட்ல, சரித்திரத்துலயே முதல் தடவையா கொலராடோல பற்றாக்குறை அறிவிச்சு நெவாடாவுக்கு 21,000 ஏக்கர் அடி வெட்டினாங்களே, ஊருக்குள்ள ஒருத்தருக்கும் குழாய்ல வித்தியாசம் தெரியல. ஏன்னா வெட்டறதுக்கு முன்னாடியே அவங்க அந்த அளவுக்குக் கீழ இறங்கி உக்காந்திருந்தாங்க.

இதுல ஒரு நுணுக்கம் இருக்கு, நிறைய பேர் இங்கதான் குழம்பறாங்க. வேகாஸ்ல பாத்திரம் கழுவின தண்ணியத் தோட்டத்துக்கு விட்டா நல்லதுதானேன்னு தோணும். அங்க அது நல்லது இல்ல! ஏரிக்குத் திரும்பிப் போயிருக்க வேண்டிய தண்ணிய நீங்க ஆவியாக்கிட்டீங்க, ஊருக்கு நஷ்டம். அதே காரியத்தை டூசான்ல பண்ணா லாபம், ஏன்னா அங்கேந்து கொலராடோ ஆத்துக்குத் திருப்பி விட்டு கிரெடிட் வாங்கற வழியே கிடையாது. அதனால ஒரு ஊர்ல வெற்றி பெற்ற திட்டத்தை அப்படியே தூக்கி இன்னொரு ஊர்ல வைக்கக்கூடாது, தண்ணி எந்தப் பக்கம் ஓடுதுன்னு முதல்ல பார்க்கணும். எவ்வளவோ கன்சல்டன்ட் ரிப்போர்ட்ல இந்த அடிப்படையே இல்லாம "தலைக்கு இத்தனை கேலன்"னு ஒரே ஒரு நம்பரை வச்சு ஊருக்கு ஊரு ஒப்பிட்டு எழுதியிருக்கறதைப் பார்த்தா எனக்கு உண்மையிலயே வருத்தமா இருக்கும்.

புல்லுக்கு அடுத்து வேகாஸ்ல அதிகமா போறது ஏசிக்கு. பெரிய கட்டடங்கள்ல கூலிங் டவர் வச்சு தண்ணிய ஆவியாக்கித்தான் குளிர வைக்கறாங்க, அதுவும் திரும்பாத தண்ணி. 2023 செப்டம்பர்லேந்து புது வணிகக் கட்டடங்கள்ல அந்த மாதிரி சிஸ்டம் போடறதை நிறுத்திட்டாங்க. கரண்ட் கொஞ்சம் கூட ஆகும்தான், ஆனா சூடு ஏற ஏற இந்தத் தேவை தானா ஏறிக்கிட்டே போகும், அதனால வர்ற கட்டடங்கள்லயே கட்டுப்படுத்தறது புத்திசாலித்தனம். டேட்டா சென்டர் வருதுன்னு குதிக்கற எல்லா பாலைவன ஊரும் இதைப் பார்க்கணும்.

அதே வேகாஸ் 1989ல வேற ஒரு வழியும் யோசிச்சுச்சு. கிழக்கு நெவாடா பள்ளத்தாக்குகள்லேந்து நிலத்தடித் தண்ணிய சுமார் 300 மைல் பைப் போட்டுக் கொண்டு வர்றதுன்னு விண்ணப்பம் போட்டாங்க. மாடு வளர்க்கறவங்க, பூர்வகுடி மக்கள், சுற்றுச்சூழல் அமைப்புங்க எல்லாரும் எதிர்த்து நின்னாங்க. முப்பது வருஷம் கோர்ட்லயும் விசாரணைலயும் போச்சு, கடைசில 2020ல தண்ணி வாரியமே திட்டத்தைக் கைவிட்டுடுச்சு. கைவிட முடிஞ்சதுக்குக் காரணமே புல் எடுத்த மிச்சம்தான்னு நான் நினைக்கறேன். அந்தத் தண்ணி வந்திருந்தா அங்க இருக்கற ஊத்துங்களும் மேய்ச்சல் நிலமும் போயிருக்கும், எதிர்த்தவங்க பக்கம் நியாயம் இருந்துச்சு.

ஆனா ஒரு கட்டுமானத்துல மட்டும் அவங்க காசு பார்க்காம இறங்கினாங்க, அது சரியான முடிவு. மீட் ஏரி 2000 வாக்குல கடல் மட்டத்துலேந்து சுமார் 1,214 அடி உயரத்துல இருந்துச்சு. 2022 ஜூலைல 1,040 அடிக்கு வந்துடுச்சு, 1937ல ஏரி நிரம்பற காலத்துக்கு அப்புறம் அவ்வளவு கீழ போனதே இல்ல. ஊருக்குத் தண்ணி எடுக்கற முதல் குழாய் வாய் 1,050 அடில இருந்துச்சு, 2022 ஏப்ரல்ல அது வெளியவே தெரிய ஆரம்பிச்சுது. ஆனா ஊரு தவிக்கல. ஏன்னா 2015லயே ஏரிக்கு அடியில சுரங்கம் தோண்டி மூணாவது வாய் போட்டுட்டாங்க, 80 கோடி டாலருக்கு மேல செலவு, ஒரு தொழிலாளி அதுல உயிரையும் விட்டாரு. 2020ல அதுக்கு ஆழமான பம்பிங் ஸ்டேஷனும் கட்டி முடிச்சாங்க. ஹூவர் டேம்லேந்து கீழ தண்ணி விடவே முடியாத மட்டம் 895 அடி, அதுக்குக் கீழ போனாலும் வேகாஸ் தண்ணி எடுக்கலாம். ஏரி வத்தறதை கண்ணால பார்த்த அப்புறம் தோண்ட ஆரம்பிச்சிருந்தா முடிஞ்சிருக்கவே முடிஞ்சிருக்காது, இந்த மாதிரி வேலை பத்து வருஷம் எடுக்கும்.

சரி, உங்க பக்கம் வர்றேன், அரிசோனா. ஃபீனிக்ஸ் நகரத்துக்கு கொலராடோ மட்டும் கிடையாது, சால்ட், வெர்டி ஆறுகள் இருக்கு, 1911ல கட்டி முடிச்ச ரூஸ்வெல்ட் டேம் மாதிரி அந்த ஆறுகள்ல இருக்கற டேம்கள்லேந்து வர்ற தண்ணிதான் பாதிக்கு மேல. அதனால பழைய நகரத்துக்குள்ள இருக்கறவங்க ஓரளவு தைரியமா இருக்கலாம். ஓரத்துல புதுசா முளைக்கற ஊருங்க கதை வேற.

கொலராடோ தண்ணி இங்க வர்றது சென்ட்ரல் அரிசோனா ப்ராஜெக்ட்னு ஒரு கால்வாய் வழியா, எல்லாரும் கேப்னுதான் சொல்லுவாங்க. 336 மைல் நீளம், 1973லேந்து 1993 வரைக்கும் கட்டினாங்க, ஹவாசு ஏரிலேந்து டூசான் வரைக்கும் சுமார் 2,900 அடி மேல ஏத்தணும். தண்ணி கனமான சாமான்ங்க, ஒரு கன மீட்டர் ஒரு டன், அதைத் தூக்க கரண்ட் எவ்வளவு வேணும்னு யோசிங்க, மாநிலத்துலயே ரொம்ப அதிகமா கரண்ட் எடுக்கற இடம் அதுதான். இந்தக் கால்வாய்க்கு 1968ல அனுமதி வாங்கறதுக்காக அரிசோனா ஒரு பெரிய விட்டுக்கொடுப்பு பண்ணுச்சு: பற்றாக்குறை வந்தா கலிஃபோர்னியாவுக்கு முன்னாடி எங்களுக்கு வெட்டுங்கன்னு ஒத்துக்கிச்சு. 2022ல அந்தக் கையெழுத்துக்கு விலை குடுத்தாங்க, ஒரே வருஷத்துல 5,12,000 ஏக்கர் அடி போச்சு, அரிசோனா பங்குல 18 சதவீதம். முதல்ல அடி வாங்கினது ஃபீனிக்ஸுக்கும் டூசானுக்கும் நடுவுல இருக்கற பினால் கவுண்டி விவசாயிங்க, நிறைய வயல் தரிசா கிடந்துச்சு.

அவங்க மறுபடி போர் தண்ணிக்குப் போனாங்க. ஆனா அந்தப் பகுதில நிலத்தடித் தண்ணிய உறிஞ்சி உறிஞ்சி எலாய் பக்கம் நிலமே 15 அடிக்கு மேல தாழ்ந்து போயிருக்கு, பூமில வெடிப்பு விட்டிருக்கு. அப்படித் தாழ்ந்த மண் இறுகிடும், அப்புறம் எவ்வளவு மழை பெஞ்சாலும் பழைய அளவுக்குத் தண்ணி பிடிக்காது. அந்த இடத்தை ஒரு தடவை இழந்தா இழந்ததுதான்.

இதைத் தடுக்கத்தான் 1980ல அரிசோனா நிலத்தடி நீர் மேலாண்மைச் சட்டம் போட்டுச்சு, புரூஸ் பாபிட் கவர்னரா இருந்தப்ப. அந்தச் சட்டத்தோட உயிர் ஒரே விதி: பெரிய ஊருங்க இருக்கற பகுதிகள்ல புது வீட்டு மனைப் பிரிவு போடணும்னா நூறு வருஷத்துக்குத் தண்ணி இருக்குன்னு நிரூபிச்சாதான் மனை விக்கலாம். உலகத்துல வேற எங்கயும் இந்த மாதிரி யோசிக்கறதே அபூர்வம். 2023 ஜூன்ல கவர்னர் கேட்டி ஹாப்ஸ் வெளியிட்ட ஆய்வுல ஃபீனிக்ஸ் பகுதில நூறு வருஷத்துல நிலத்தடித் தண்ணித் தேவைல சுமார் 4 சதவீதம், 48.6 லட்சம் ஏக்கர் அடி துண்டு விழும்னு வந்துச்சு, உடனே வெறும் போர் தண்ணிய நம்பி புது மனைப் பிரிவுக்கு சர்டிஃபிகேட் கிடையாதுன்னு நிறுத்தினாங்க. பக்கை, க்வீன் க்ரீக் மாதிரி ஓர ஊருங்களுக்கு இது பெரிய அடி. "ஃபீனிக்ஸ்ல தண்ணி தீந்துச்சு"ன்னு நியூஸ்ல கத்தினாங்க, அது தப்பு. ஏற்கனவே சர்டிஃபிகேட் வாங்கினது எல்லாம் செல்லும், விதி தன் வேலையச் செஞ்சுது, அவ்வளவுதான். 2025ல விவசாய நிலத்தோட தண்ணி உரிமைய விட்டுக் குடுத்தா அந்த இடத்துல வீடு கட்டலாம்னு ஒரு சட்டம் கொண்டு வந்தாங்க, வயலுக்குப் போறதை விட வீட்டுக்கு ஏக்கருக்குக் குறைவாத்தான் வேணும்ங்கறதால அது ஓரளவுக்கு நியாயமான வழி.

ஆனா சட்டத்துல ஒரு ஓட்டை இருக்கு, நீங்க வீடு வாங்கறதுக்கு முன்னாடி இதைக் கண்டிப்பா தெரிஞ்சுக்கணும். நிலத்தை ஆறு மனைக்குக் கீழ பிரிச்சா நூறு வருஷ நிரூபணம் தேவையில்ல. அதை வச்சு அஞ்சு அஞ்சா பிரிச்சு வித்து ஊரே உருவாகியிருக்கு. ரியோ வெர்டி ஃபூட்ஹில்ஸ்னு ஸ்காட்ஸ்டேல் பக்கத்துல ஒரு இடம், அழகான பெரிய பெரிய வீடுங்க, நிறைய வீட்டுக்கு லாரித் தண்ணிதான். அந்த லாரி ஸ்காட்ஸ்டேல்ல நிரப்பிக்கிட்டு வந்துச்சு. நாங்க எங்க ஊரு ஜனங்களுக்கே மிச்சம் பிடிக்கச் சொல்றோம், வெளியாளுக்கு எப்படிக் குடுக்கறதுன்னு 2023 ஜனவரி 1ஆம் தேதி ஸ்காட்ஸ்டேல் நிறுத்திடுச்சு. நூத்துக்கணக்கான குடும்பம் பேப்பர் தட்டுல சாப்பிட்டு, மழைத் தண்ணிய வாளில பிடிச்சு ஃபிளஷ் பண்ணிக்கிட்டு இருந்தாங்க. அந்த வருஷமே மாநிலம் தனியா ஒரு சட்டம் போட்டு தற்காலிக ஏற்பாடு பண்ணுச்சு. வரப்போகுதுன்னு வருஷக்கணக்கா எச்சரிக்கை குடுத்திருந்தாங்க, வித்தவங்க சொல்லல, வாங்கினவங்க கேக்கல.

டூசானைப் பத்திச் சொல்லாம இருக்க முடியாது, எனக்கு ரொம்பப் பிடிச்ச உதாரணம் அது. ரொம்ப காலம் முழுக்க நிலத்தடித் தண்ணில வாழ்ந்த ஊரு, நகர நடுவுல சில இடங்கள்ல தண்ணி மட்டம் 200 அடி இறங்கிடுச்சு. 1976ல மேட்டுப் பகுதிக்குத் தண்ணி ஏத்தற செலவைச் சேர்த்து ரேட் ஏத்தினாங்க, கோபப்பட்ட ஜனங்க தேர்தல் வச்சு கவுன்சிலர்களை வீட்டுக்கு அனுப்பினாங்க. வந்த புது ஆளுங்க கணக்கைப் பார்த்துட்டு ரேட்டைக் குறைக்க முடியாதுன்னு புரிஞ்சுக்கிட்டாங்க, 1977ல சாயங்கால நேரத்துல தோட்டத்துக்குத் தண்ணி விடாதீங்கன்னு ஒரு பிரசாரம் ஆரம்பிச்சாங்க, அது நல்லாவே எடுபட்டுச்சு.

அப்புறம் 1992 நவம்பர்ல கேப் தண்ணிய சுத்திகரிச்சு நேரா வீடுகளுக்கு விட்டாங்க. பழைய இரும்புக் குழாய்ல ஒட்டியிருந்த துரு எல்லாம் பேத்துக்கிட்டு வந்து குழாய்ல பழுப்புத் தண்ணி, துணி பாழ், ஹீட்டர் பாழ், மீன் தொட்டில மீன் செத்துச்சு. ரெண்டு தண்ணியோட ரசாயன குணம் வேற வேற, அதைக் குழாய் தாங்குமான்னு சரியா பார்க்கல. 1994ல நிறுத்தினாங்க, 1995ல ஜனங்களே ஓட்டுப் போட்டு நேரா விடறதுக்குத் தடை போட்டாங்க. பல கோடி டாலர் சுத்திகரிப்பு நிலையம் சும்மா கிடந்துச்சு.

அதுக்கு அப்புறம் பண்ணதுதான் அருமை. ஊருக்கு மேற்கே அவ்ரா பள்ளத்தாக்குல பெரிய பெரிய குளம் வெட்டி கேப் தண்ணிய அதுல விட்டு நிலத்துக்குள்ள இறங்க விட்டாங்க. கீழ இருக்கற நிலத்தடித் தண்ணியோட கலந்து, அதை போர் போட்டு எடுத்து 2001லேந்து வீடுகளுக்குக் குடுக்கறாங்க. யாருக்கும் பழுப்புத் தண்ணி வரல. தேவைக்கு மேல வாங்கினதையெல்லாம் பூமிக்குள்ள சேர்த்து வச்சதால இன்னிக்கு அவங்க கைல பல வருஷத்துக்கு இருப்பு இருக்கு, நகர நடுவுல மூடி வச்ச கிணறுங்க இருக்கற இடத்துல தண்ணி மட்டம் ஏறிக்கிட்டு வருது. ஏரில வச்சா ஆவியாகும், பூமில வச்சா ஆகாது. அந்த ஊரு இன்னிக்கும் 1980கள்ல எடுத்த அளவு தண்ணிதான் எடுக்குது, ஜனத்தொகை மட்டும் ரொம்பக் கூடியிருக்கு. நெவாடா கூட தன்னோட மிச்சத்துல ஆறு லட்சம் ஏக்கர் அடி அளவுக்கு அரிசோனா பூமிக்குள்ளதான் சேமிச்சு வச்சிருக்கு.

கழிவுத் தண்ணியும் இதே கணக்குதான். ஃபீனிக்ஸுக்கு மேற்கே பாலோ வெர்டி அணுமின் நிலையம், பக்கத்துல ஆறோ கடலோ கிடையாது, முழுக்க சுத்திகரிச்ச சாக்கடைத் தண்ணிய வச்சு குளிர வைக்கறாங்க. இப்ப அடுத்த கட்டமா அதையே குடிக்கற அளவுக்கு சுத்தம் பண்றதுக்கு அரிசோனா 2025ல விதிமுறை கொண்டு வந்திருக்கு, டெக்சாஸ் எல் பாசோவுல அப்படி ஒரு நிலையம் கட்டவே ஆரம்பிச்சுட்டாங்க. எல் பாசோ ஏற்கனவே 2007லேந்து நிலத்தடி உப்புத் தண்ணிய நல்ல தண்ணியாக்கற பெரிய நிலையம் நடத்துது, ஆரம்பிச்சப்பவே ஒரு நாளைக்கு 2.75 கோடி கேலன் வரைக்கும். முகம் சுளிக்கறவங்களுக்கு ஒண்ணு சொல்றேன், வேகாஸ் கழிவுத் தண்ணி மீட் ஏரில கலந்து கீழ கலிஃபோர்னியாவுலயும் அரிசோனாவுலயும் ரொம்ப வருஷமா சுத்திகரிச்சுக் குடிச்சுட்டுத்தான் இருக்காங்க.

கடல் தண்ணி கேட்டிருந்தீங்க. 2022 கடைசில மெக்ஸிகோ கரைல புவெர்ட்டோ பெனாஸ்கோல ஒரு நிலையம் கட்டி சுமார் 200 மைல் பைப் போட்டு அரிசோனாவுக்குக் கொண்டு வர ஒரு இஸ்ரேல் கம்பெனி திட்டம் குடுத்துச்சு, 500 கோடி டாலருக்கு மேல. தொழில்நுட்பம் முடியாதது இல்ல. ஆனா உப்பை எடுக்க கரண்ட், அப்புறம் மேட்டுக்கு ஏத்த கரண்ட், மிச்ச உப்புக் கரைசலை அந்தச் சின்ன வளைகுடால கொட்டினா மீன்பிடிக்கறவங்க கதி என்ன, இன்னொரு நாட்டுக் கரைல நம்ம குழாய். இதெல்லாம் சேர்ந்தா ரொம்ப விலை கூடின தண்ணி. எல்லாம் பண்ணி முடிச்ச அப்புறம் கடைசியா யோசிக்க வேண்டியது. யூட்டால செயின்ட் ஜார்ஜ்னு வேகமா வளர்ற ஊரு பவல் ஏரிலேந்து 140 மைல் பைப்னு வருஷக்கணக்கா அதையே நம்பி உக்காந்திருந்துச்சு, 2020ல மத்த ஆறு மாநிலமும் சேர்ந்து எதிர்த்தாங்க. இப்ப அவங்களும் மறுசுழற்சித் திட்டத்துல இறங்கியிருக்காங்க.

இவ்வளவு நல்லா சொல்றேனே, எனக்கு உள்ளுக்குள்ள இருக்கற பயத்தையும் சொல்லணும். மிச்சம் பிடிச்ச தண்ணிய எல்லாம் புது வீடுகளுக்கே குடுத்துட்டா அடுத்த வறட்சில வெட்டறதுக்கு ஒண்ணும் இருக்காது. புல் இருக்கற ஊர்ல வறட்சி வந்தா புல்லைக் காய விடலாம். புல்லே இல்லாத ஊர்ல குடிக்கற தண்ணிலதான் கை வைக்கணும். அதனால மிச்சத்துல ஒரு பெரிய பங்கை ஏரியிலோ பூமியிலோ பூட்டி வைக்கணும்னு நான் எங்க கூட்டத்துல ஒவ்வொரு தடவையும் சொல்றேன், பில்டர்களுக்கு அது பிடிக்காது. அப்புறம் மனுஷங்க உபயோகிக்கற ஆத்துத் தண்ணில முக்கால்வாசி அளவு போறது விவசாயத்துக்கு, அதுல பெரிய பங்கு மாட்டுத் தீவனம். ஊருங்க மட்டும் சிக்கனம் பண்ணி ஆத்தைக் காப்பாத்த முடியாது. விவசாயிக்கு நியாயமான காசு குடுத்து, அந்தக் கிராமத்து வேலையும் போகாம, சில பருவம் தரிசு விட வைக்கற ஒப்பந்தங்கள்தான் பெரிய அளவுல தண்ணிய விடுவிக்கும். பூர்வகுடி மக்களோட உரிமைய முதல்லயே கணக்குல எடுக்கணும், கீலா ரிவர் சமூகத்துக்குத்தான் கேப்ல இருக்கறதுலயே பெரிய பங்கு, 2004ல சட்டமாவே ஆச்சு. அவங்க கூட உக்காந்து பேசாம ஃபீனிக்ஸ் பகுதிக்கு ஒரு திட்டமும் கிடையாது.

ஏரிங்க எப்படிப் பகிர்ந்துக்கணும்ங்கற 2007 விதிமுறைங்களுக்கு 2026 கடைசி வரைக்கும்தான் ஆயுசு. அடுத்தது எப்படி வந்தாலும் அரிசோனாவுக்கு வெட்டு கூடும்னு வச்சே நீங்க யோசிக்கறது நல்லது.

வீடு விஷயமா நீங்க பண்ண வேண்டியது: அந்த மனைக்கு நூறு வருஷத் தண்ணி சர்டிஃபிகேட் இருக்கா, இல்ல ஊரு முழுக்கவே அந்த அந்தஸ்து வாங்கின தண்ணி நிறுவனத்தோட எல்லைக்குள்ள வருதான்னு மாநில நீர்வளத் துறைல கேளுங்க, அவங்க சொல்லுவாங்க. அந்தத் தண்ணி நிறுவனத்துக்கு எத்தனை வேற வேற மூலம் இருக்கு, சால்ட் ஆறா, கேப்பா, போரா, மறுசுழற்சியான்னு கேளுங்க. போர் மட்டும்னா யோசிங்க. லாரித் தண்ணின்னா வீடு எவ்வளவு மலிவா இருந்தாலும் விட்டுடுங்க. வாங்கின அப்புறம் பின்பக்கம் புல் வைக்காம மெஸ்கீட், பாலோ வெர்டி மரம் வைங்க, நிழலும் கிடைக்கும், தண்ணி பில்லும் குறையும்.

வேற ஏதாவது குறிப்பிட்ட ஊரைப் பத்திக் கேக்கணும்னா கேளுங்க, தெரிஞ்சதைச் சொல்றேன்.